மிதி மேல ஒரு டப்பா எதுக்கு?

அண்ணன் மகன் போன வாரம் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து காட்டினான். அவன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின தார் ஜீப்புல, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் ஒயருக்கும் நடுவுல சொருகுறதாம். "தொட்டா போதும் சித்தப்பா, வண்டி பாயும்"ன்னான். எனக்கு இதுல சம்மதம் இல்லை.

பழைய டீசல் ஜீப்புல மிதியிலிருந்து பம்பு வரைக்கும் கேபிளோ கம்பியோ போகும். அதோட கனம் காலுக்குத் தெரியும். இப்ப வர்ற வண்டியில மிதியில சென்சார்தான். எவ்வளவு அமுக்கினோம்னு அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், எவ்வளவு டீசல் விடணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். இந்த டப்பா நடுவுல உக்காந்து, கால்வாசி அமுக்கினதைப் பாதி அமுக்கினதா பொய் சொல்லுது. எஞ்சினுக்கு ஒரு குதிரைத் திறன்கூட ஏறாது. முழுசா மிதிச்சா டப்பா இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி ஏறுறது தார் ரோடு. அங்க வேணா சுகமா இருக்கும், ஒத்துக்கறேன். நம்ம திருப்புலி நாட்டுல காட்டுக்குப் போற பாதை அப்படியா? கல்லு, வேர், மழை அறுத்த பள்ளம். வண்டி குலுங்கினா கால் குலுங்கும், கால் குலுங்கினா மிதி அமுங்கும், வண்டி வெடுக்குன்னு முன்னால போகும், மறுபடி கால் குலுங்கும். மிதி லேசாக லேசாக இந்தக் கூத்து அதிகமாகும்.

போன ஐப்பசியில அப்படித்தான் ஆச்சு. வாடகை ஜீப்பு. கால் வலிக்குதுன்னு டிரைவர் மிதி ஸ்பிரிங்கை மாத்தி லேசாக்கி வச்சிருந்தார். ஒரு பள்ளத்துல வண்டி துள்ளினதுல, பின்னால மூட்டை மேல இருந்த எங்க வீட்டுக்காரம்மா கீழ விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. அந்த வருசம் காப்பிப் பழம் பறிக்க அவளால முடியல, கூலிக்கு ஆள் விட்டோம். (மூட்டை மேல ஆளை ஏத்துறதே தப்புதான். பஸ் வராத பாதையில என்ன பண்றது?)

குதிகாலைத் தரையில அழுத்தி ஊனி, முன்பாதத்தால மட்டும் மிதிக்கணும். ஏத்தத்துல போர் வீல்ல லோ கியர் போட்டா, ஆக்ஸிலேட்டர்ல காலே வைக்காம டீசல் எஞ்சின் இழுத்துட்டுப் போகும். இதுக்குக் காசு ஒண்ணும் வேண்டாம். அந்தக் காசுல முன் டயரை மாத்துடான்னேன், வழுக்கையாக் கிடக்கு.

அவன் இன்னும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கல. ஞாயித்துக்கிழமை அதை மாட்டிக்கிட்டு பலாக்காட்டுப் பாதையில என்னையே ஓட்டிப் பாக்கச் சொல்றான். சரின்னுட்டேன், பின்னால ஒரு ஆளும் ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டு.