சர்வதேச நீதிமன்றத்தில் வெற்றிடம்: கனடா ஆளைப் பார்த்து வாக்களிக்கட்டும்

ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நீதியரசர் ஒருவர் இறந்தோ விலகியோ இடம் காலியானால், அதை நிரப்பும் தேர்தலில் கனடா வாக்குக்கு வாக்கு என்ற பேரத்துக்குப் போகக் கூடாது. கனடாவின் விட்பியில் வாழும் தமிழர்களான எமது சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்.

அங்கே இருப்பவர்கள் 15 பேர் மட்டுமே; ஓர் இடம் காலியானாலும் முடிவு மாறலாம். தென்மேற்கு ஆபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவுக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கில், 1966இல் வாக்குகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தன. எகிப்திய நீதியரசர் பதாவி முந்திய ஆண்டே இறந்துவிட்டார்; இன்னொருவர் நோயில் கிடந்தார்; நீதியரசர் ஸஃபருல்லா கானும் அமர்வில் இல்லை. நீதிமன்றத் தலைவரின் இரண்டாவது வாக்கோடு வழக்கு தள்ளுபடியானது. 1996இல் அணு ஆயுதம் பற்றிய கருத்துரையிலும் வெனிசுவேலா நீதியரசர் இறந்திருக்க, முக்கியமான பந்தியில் மறுபடியும் ஏழுக்கு ஏழு. எந்த நிலையிலும் அணு ஆயுதம் சட்டவிரோதமே என்று நீண்ட மறுப்புத் தீர்ப்பு எழுதினார் இலங்கை நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி.

இடையில் காலியாகும் இடம் பெரும்பாலும் அதே நாட்டுக்கோ பிராந்தியத்துக்கோ போகிறது. 2021இல் அவுஸ்திரேலியரின் இடத்துக்கு அவுஸ்திரேலியர், 2022இல் பிரேசிலியரின் இடத்துக்குப் பிரேசிலியர். வந்தவர்கள் தகுதியானவர்களே. ஆனால் அந்த ஆசனம் எந்த நாட்டின் சொத்தும் அல்ல. நீதிமன்றத்தின் சட்டவிதியில் அப்படி எதுவும் இல்லை.

வேட்பாளரை முன்மொழிவது அரசு அல்ல, நாட்டின் நியமனக் குழு. ஓர் இடத்துக்கு அக்குழு இருவரை முன்மொழியலாம். அவர்கள் கனடியராக இருக்க வேண்டியதில்லை. நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தையும் சட்ட பீடங்களையும் கலந்து பேசும்படி சட்டவிதியே பரிந்துரைக்கிறது. கனடாவின் குழு அப்படிப் பேசி, முன்மொழிவுக்கான காரணங்களை வெளியிட வேண்டும். ஐ.நா. வாக்கெடுப்பு இரகசியமானது, ஆகவே தன் அளவுகோல் என்ன என்பதை அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பாதுகாப்புச் சபையிலும் இந்தத் தேர்தலில் வீட்டோ கிடையாது. ஒவ்வொரு வாக்குக்கும் எடை உண்டு.

ஒரு நீதிபதியால் என்ன முடியும் என்பதற்கு, வேறொரு மன்றத்தில் அமர்ந்த டர்பன் தமிழ்ப் பெண் நவநீதம் பிள்ளையைப் பாருங்கள். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்தில், குற்றஞ்சாட்டப்பட்ட அகாயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. சாட்சிகளை அவர் கேட்ட கேள்விகளுக்குப் பின் அது சேர்க்கப்பட்டது. 1998 தீர்ப்பு அதை இனப்படுகொலையின் ஒரு வடிவமாக ஏற்றது. நீதி தேடி அலைந்த இனம் நாங்கள். அத்தகைய கேள்வியைக் கேட்கக்கூடியவருக்கே கனடாவின் வாக்கு போக வேண்டும்.

இந்த அறிக்கையை எமது நாடாளுமன்ற உறுப்பினருக்கும் வெளிவிவகார அமைச்சருக்கும் அனுப்புகிறோம். எழுத்தில் பதில் கேட்கிறோம்.