அடுப்படிப் பக்கம்: வளைகாப்புக்கு ஒரு வளையல் கேக்



வளைகாப்பு என்றால் மஞ்சள், குங்குமம், சந்தனம், கண்ணாடி வளையல், ஐந்து வகையோ ஏழு வகையோ கலந்த சோறு. நம் பாட்டிமார் காலத்தில் அவ்வளவுதான். இப்போது தோட்டத்திலும் சரி, தாமானிலும் சரி, நடுவில் ஒரு கேக்கும் வந்து அமர்ந்துவிட்டது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், தவறில்லை. ஆனால், மழமழவென்று சீனிப் போர்வை போர்த்தி, மேலே பொம்மை வைத்த கேக்குக்குப் பட்டணத்துக் கடையில் சொல்லி வைத்தால் நூறு வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள். பிரசவச் செலவு எதிரே நிற்கும் வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. கடன் வாங்கிக் கேக் வெட்ட வேண்டாம். இரண்டு மாலை நேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாமே செய்துவிடலாம்.

முதலில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கேக்கின் உருவம். கடைக் கேக்கில் குழந்தைப் பொம்மை, தொட்டில், சின்னச் சப்பாத்து என்றுதான் வைப்பார்கள். குழந்தை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டுவதும் துணிமணி வாங்குவதும் ஆகாது என்று நினைக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. சுபகாரிய நாளில் அவர்கள் மனம் சங்கடப்படுவானேன்? வளைகாப்பின் நாயகன் வளையல்தான். கேக்கின் மேல் சிவப்பும் பச்சையுமாக வளையல்களை அடுக்குவோம். எல்லோருக்கும் திருப்தி.

இரண்டு, ஜெலட்டின். சீனிப் போர்வைக்கு மார்ஷ்மெல்லோ மிட்டாயை உருக்கிச் சேர்ப்பது ஒரு முறை. அந்த மிட்டாயில் ஜெலட்டின் உண்டு. அது பெரும்பாலும் மாட்டின் தோல், எலும்பிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவது. ஹலால் முத்திரை அதில் பன்றி இல்லை என்று உறுதி சொல்லும். மாடு இல்லை என்று சொல்லாது. மாட்டிறைச்சியை விலக்கிய குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் செய்யப்போவது பால்மாவுப் போர்வை, ஜெலட்டினே தேவையில்லை.

மூன்று, பச்சை முட்டை. முட்டை வெள்ளையை அடித்துச் செய்யும் சீனிப்பூச்சு பார்க்க அழகுதான். ஆனால் பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கக்கூடும். கர்ப்பிணிக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேக்குக்குத் தேவை:
வெண்ணெய் அல்லது மார்ஜரின் 250 கிராம்
சீனி 220 கிராம்
கோதுமை மாவு 250 கிராம்
முட்டை 5
பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி
பால் 4 மேசைக்கரண்டி
வெனிலா 1 தேக்கரண்டி

மாவையும் பேக்கிங் பவுடரையும் இரண்டு முறை சலியுங்கள். வெண்ணெயும் சீனியும் வெளுத்துப் பஞ்சு போலாகும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கலவை திரிந்தால் ஒரு பிடி மாவைத் தூவுங்கள், கூடி வரும். மீதி மாவையும் பாலையும் வெனிலாவையும் மெல்லக் கலந்து, காகிதம் போட்ட 8 அங்குல வட்டத் தட்டில் ஊற்றி, 170 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. கேக் நன்றாக ஆற வேண்டும். சூடு மிச்சமிருந்தால் போர்வை வியர்த்து வழுக்கும்.

முட்டை சேர்க்காத வீட்டார் 400 கிராம் இனிப்புப் பால், 280 கிராம் மாவு, உருக்கிய வெண்ணெய் 120 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சோடா மாவு 1 தேக்கரண்டி, தண்ணீர் 150 மில்லி கலந்து உடனே வேகவைக்கலாம். இதற்குத் தனியாகச் சீனி வேண்டாம்.

போர்வைக்கும் வளையலுக்கும்:
பால்மாவு 400 கிராம்
ஐசிங் சீனி 400 கிராம்
டின்னில் வரும் இனிப்புப் பால் சுமார் 350 கிராம்
எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி
தூவுவதற்குச் சோள மாவு

பால்மாவையும் ஐசிங் சீனியையும் சலியுங்கள். ஒரு கட்டி தங்கினாலும் போர்வையில் அது பரு போலத் தெரியும். எலுமிச்சைச் சாற்றை விட்டு, இனிப்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். பாலை ஒரேயடியாகக் கொட்டவேண்டாம். மழைநாளில் 300 கிராமே போதுமானதாக இருக்கும். கையில் ஒட்டினால் பால்மாவு, வெடித்தால் ஒரு துளி பால். உருண்டையைப் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். வெளியே கிடந்தால் மேலே ஏடு கட்டிவிடும்.

விருந்து ஞாயிறு என்றால் வெள்ளி மாலையே வளையல் செய்துவிடுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து இரண்டாக்கி, ஒன்றில் சிவப்பும் ஒன்றில் பச்சையும் சேருங்கள். பசை போன்ற சாயமே நல்லது. தண்ணீர்ச் சாயம் மாவை இளக்கிவிடும். சிவப்பு உடனே ஏறாது. சாயத்தை அள்ளிப் போடாமல் ஒரு மணி நேரம் மூடி வைத்தால் தானே கறுக்கும். சிறிது சோள மாவு சேர்த்துப் பிசைந்து, பென்சில் கனத்தில் கயிறாகத் திரித்து, உண்மையான கண்ணாடி வளையலை அளவாக வைத்து வட்டமாக்கி, முனைகளை ஒரு துளி நீரால் ஒட்டுங்கள். பொன்னிற மிட்டாய் மணிகள் இருந்தால் பதிக்கலாம். ஒற்றைப்படையில் ஒன்பதோ பதினொன்றோ செய்யுங்கள். இந்த மாவு நம் ஊர் ஈரக்காற்றில் கல்லாக இறுகாது. ஆகவே வளையலை நிறுத்தாமல், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் படுக்க வையுங்கள்.

சனி மாலை கேக்கைச் சுட்டு ஆறவைத்து, மேட்டைச் சமமாக வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். அன்னாசி ஜேமை லேசாகச் சூடாக்கி வடிகட்டி, மெல்லியதாகத் தடவுங்கள். வெண்ணெய்ப் பூச்சு நம் வெயிலில் உருகும். ஜேம் உருகாது, நிறமும் வெளியே தெரியாது. மீதி வெள்ளை மாவை, பிரித்து விரித்த பெரிய பிளாஸ்டிக் பையின் மேல் சோள மாவு தூவி, 14 அங்குல வட்டமாகத் தேயுங்கள். சப்பாத்தியைவிடக் கனமாக, கால் அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். பையோடு தூக்கிக் கேக்கின் மேல் கவிழ்த்துப் பையை உரியுங்கள். முதலில் மேற்பரப்பு, பிறகு பக்கம் என்று உள்ளங்கையால் நீவி, அடியில் மிஞ்சியதை வெட்டுங்கள். கிழிந்த இடத்தை இன்னொரு வளையலால் மறைத்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

போர்த்திய கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் சீனி ஈரத்தை இழுத்து அழத் தொடங்கும், சிவப்பு வெள்ளையில் ஊறும். அட்டைப் பெட்டியில் மூடி, சோறு வேகும் ஆவி படாத அறையில் வையுங்கள். எறும்புக்கு நம் பழைய வைத்தியம்தான்: தட்டில் நீர், நீரில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் கேக். செய்த மறுநாளே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சிறு துண்டுகளாக வெட்டினால் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வரும்.

கடைசியாக ஒரு வார்த்தை, நாத்தனார்மார்க்கும் மாமிமார்க்கும். கேக்கை வெட்டியதும் ஆளாளுக்கு ஒரு துண்டை அந்தப் பெண்ணின் வாயில் ஊட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போர்வையிலும் வளையலிலும் போட்ட ஐசிங் சீனி மட்டும் 400 கிராம். இனிப்புப் பாலில் உள்ளது வேறு. கர்ப்ப காலத்தில் முன்பு சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். அதற்கான பரிசோதனையை வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் செய்கிறார்கள். வளைகாப்பு நடப்பதோ அதையொட்டியோ அதற்குப் பிறகோ, ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ. ஆகவே முடிவு அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். சபையில் வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுவாள். நீங்கள் முன்பே தனியாகக் கேட்டு வையுங்கள். சர்க்கரை இருந்தால் தாதி சொன்னபடி நடக்கட்டும்; கேக்கை அவள் வெட்டினால் போதும், தின்ன வேண்டியதில்லை. இல்லையென்றாலும் போர்வையை உரித்துவிட்டு மெல்லிய துண்டு ஒன்று கொடுத்தால் போதும். கை நிறைய வளையல் போடுங்கள். வாய் நிறையச் சீனி வேண்டாம்.

செய்து பாருங்கள், சகோதரிகளே. தாயும் சேயும் நலமாக இருக்க வாழ்த்துகிறேன். அடுத்த இதழில் சந்திப்போம்.