யானைக்காலுக்கு நான்கு மதிப்பெண்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கை நீட் மாதிரி வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தாள். “அக்கா, நீ நேரம் மட்டும் பாத்துச் சொல்லு.” 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு. தவறினால் ஒன்று கழியும்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு எது என்ற கேள்விக்கு அவள் ஐந்து நொடிகூட எடுக்கவில்லை. உச்செரீரியா. நோய் பரப்பும் கொசுக்களை ஆராய 1975 முதல் ஒரு தேசிய ஆய்வு மையமே இயங்கும் ஊர் புதுச்சேரி. யானைக்கால் எங்களுக்குப் புதிதல்ல. அவள் ஆயாவுக்கும் யானைக்கால்தான். எட்டாம் வகுப்பிலிருந்து, ஆயா சாகும்வரை, தினமும் அந்தக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்பிலும் விரலிடுக்கிலும் ஈரம் நிற்காமல் துணியால் ஒற்றியெடுத்தவள் இவள். ஈரம் நின்றால் புண்ணாகும். புண் வழியே கிருமி புகுந்தால் காய்ச்சல் வரும், வீக்கம் இன்னும் கூடும். முற்றிய வீக்கத்தை மாத்திரை வற்றவைக்காது. கழுவுவதும் காலை உயர்த்தி வைப்பதும்தான் அன்றாட வைத்தியம். இதை எந்த வினாத்தாளும் அவளிடம் கேட்காது.

கால் கழுவியவளெல்லாம் டாக்டராகிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. புழுவின் பெயரும் தெரிய வேண்டும், இயற்பியலும் தெரிய வேண்டும். உயிரியல் 90 கேள்வியையும் மளமளவென்று முடித்தவளுக்கு இயற்பியலில்தான் பேனா நின்றது. பதினொன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு அவள் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை. இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி இருக்கிறது. ஓராண்டு வீட்டிலிருந்து, பணம் கட்டி, பயிற்சி மையத்துக்குப் போய் மறுபடி எழுதுவது.

நீட் எதை அளக்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். மருத்துவ இடம் பெற்றவர்களில் ஏற்கெனவே ஒருமுறையாவது எழுதித் திரும்ப வந்தவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு. 2020-21-இல் அது 71.42 விழுக்காடு. நான்கே ஆண்டில் பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை. சம்பாதிக்காத ஒரு பிள்ளையை இன்னும் ஓராண்டு, இரண்டாண்டு உட்காரவைத்துச் சோறு போட முடிகிற வீடுகள் முன்னே வந்தன. முடியாத வீடுகள் பின்னே போயின. அவை எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘தகுதி குறைந்தால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து’ என்பார்கள். உடற்கூறு முதல் சிகிச்சை வரை, எம்.பி.பி.எஸ். முடித்தவரின் மருத்துவ அறிவையே நேரடியாகச் சோதிப்பது முதுநிலை நீட். 2023 செப்டம்பரில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, அந்தத் தேர்வின் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜிய பெர்சன்டைலாகக் குறைத்தார்கள். தேர்வில் கடைசியாக வந்தவரும் கலந்தாய்வுக்குப் போகலாம் என்று அதற்குப் பொருள். இடஒதுக்கீடு என்றதும் நோயாளியின் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அன்று இவ்வளவு உரக்கப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் அமைச்சரவை எடுத்த முடிவு அது; மூன்றாண்டு இழுத்தடித்தார்கள். வந்தவரை நல்லது. ஆனால் அந்த இடத்துக்கும் வரிசை நீட் மதிப்பெண்ணில்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குள்ளும், காத்திருக்க முடிந்தவர்களுக்கே அந்தக் கதவு எளிதாகத் திறக்கும். எத்தனை பேர் முதல் முறையிலேயே இடம் பெற்றார்கள், எத்தனை பேர் எத்தனை லட்சம் கட்டிப் படித்தார்கள், அவர்கள் என்ன சாதி, பெற்றோர் என்ன வேலை? சென்டாக் வழியாக நிரப்பப்படும் ஒவ்வொரு மருத்துவ இடத்துக்கும் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். ராஜன் குழு செய்ததை இங்கேயும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் காலனியில் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்தால் காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கே வரும். “ஒரு வருசம் பொறுப்பா” என்று அவள் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். “எனக்கு மட்டும் ஆசை இல்லியாம்மா? சின்னவன் பீசு யாரு கட்றது?” என்றார். அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை.

அன்று அவள் வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தோம். உயிரியலில் 360-க்கு 312. இயற்பியலில் 41. திங்கட்கிழமை முதல் வேன் ஏறுகிறாள். இரவு வேலை கேட்டிருக்கிறாளாம், பகலில் படிக்கலாமென்று. என் பழைய இயற்பியல் குறிப்பேடுகள் பரணில் இருந்தன. தூசி தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.