மலிவு என்னும் வசை

மஸ்கதே ஒயினைப் பற்றி, ‘அதில் பேச என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அது கேள்வி அல்ல, தீர்ப்பு. உலக சினிமா, ரில்கே, பர்கண்டி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய நண்பர் ஒருவர் இத்தீர்ப்பை என்னிடமும் வழங்கினார். ‘சிப்பி தின்னும்போது தொண்டையை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்’ என்றார். காரணம் கேட்டேன். விலையைச் சொன்னார். அவருக்குக் காரணமும் அதுதான், சான்றும் அதுதான், அழகியலும் அதுதான். இந்த அழகியலைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. பகல் முழுவதும் பிறர் பணத்தை எண்ணுகிறவன் நான். ஒரு தொகை எதற்காகக் கைமாறுகிறது என்று கேட்கும் பழக்கம் உத்தியோகத்தால் வந்தது.

நண்பருக்குக் குலம் முக்கியம். எனவே முதலில் குலம். மஸ்கதே என்பது திராட்சையின் பெயரல்ல. திராட்சையின் பெயர் மெலோன் த புர்கோன்யு. பெயரே சொல்வதுபோல் அது பர்கண்டியிலிருந்து வந்தது. லுவார் நதி கடலை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றிலும், 1709இன் கடுங்குளிரில் கொடிகள் செத்த பிறகு, உறைபனியைத் தாங்கும் என்பதற்காகப் பரவலாக நடப்பட்டது. மெலோனும் ஷார்தொனேயும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று 1999இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஒரு பக்கம் பினோ. மறுபக்கம், குடியானவர்களின் மட்டரகத் திராட்சை என்று இகழப்பட்ட குவே ப்ளான். கூடப் பிறந்தவர்களில் ஒருவன் மொந்த்ராஷேயில் குடியேறிப் பிரபுவானான். மற்றவன் நாந்தின் மீன் கடைகளுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டான். குலப்பெருமை பேச இங்கே இடமில்லை.

அடுத்து விலை. நண்பர் வியக்கும் ‘செறிவில்’ மரத்தின் பங்கு எவ்வளவு? பர்கண்டிப் பாணிப் பீப்பாய்களை விடுவோம். போர்தோ பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர், அதாவது 300 புட்டி. புதிய பீப்பாயை 900 யூரோ என்று வைத்துக்கொண்டால் புட்டிக்கு 3 யூரோ மரத்துக்கே போகிறது. அதன் மேல் நிலத்தின் விலை, பெயரின் விலை. மஸ்கதே செய்கிறவர் பெரும்பாலும் இவற்றை உங்கள் தலையில் கட்டுவதில்லை. தொட்டியில், நொதித்து முடிந்த ஈஸ்ட் மண்டியின் மேலேயே ஒயினைக் குளிர்காலம் முழுவதும் கிடக்கவிடுகிறார். அப்படிக் கிடந்ததற்குத்தான் ‘சுர் லீ’ என்று பெயர். நாக்கில் லேசான சுருக்கென்ற உணர்வு, ரொட்டி மாவின் வாசனை, உப்புக் காற்றை நினைவூட்டும் ஒரு வறட்சி. எதுவும் உரக்கப் பேசுவதில்லை. உரக்கப் பேசாததை ஒன்றும் பேசாதது என்று எடுத்துக்கொள்கிற காதுகள்தான் இங்கே கோளாறு.

நாந்தில் அக்கா வீட்டில் இரண்டு கோடைகள் தங்கியிருந்தேன். என் பையிலிருந்த காசுக்கு வாங்கிக் குடித்துத் தெரிந்துகொண்டவை இவை. வெறும் ‘மஸ்கதே’ என்று மட்டும் சீட்டில் இருந்தால் யோசிக்க வேண்டும். இரு நதிகளின் பெயர் சேர்ந்த ‘செவ்ர்-ஏ-மேன்’ இருக்க வேண்டும். ‘சுர் லீ’ இருக்க வேண்டும். இவ்விரண்டைவிட முக்கியம், தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கப்பட்டது என்ற வாசகமும் அடைத்தவரின் பெயரும். பெயர் போட்டவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஐஸில் மூழ்கடிக்கக் கூடாது. அதிகக் குளிர்ச்சி குற்றத்தையும் குணத்தையும் சேர்த்து மறைத்துவிடும். இதெல்லாம் பிரான்சில் 10 யூரோவுக்குள் கிடைக்கிறது. இரண்டு புட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் அந்த 10 யூரோவுக்குள்ளேயே எத்தனை ஏற்றத்தாழ்வு என்பது விளங்கும். விமர்சனத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

இவ்வளவு சொன்னதும் எதிர்முகாமிலிருந்து ஒருவர் கைகுலுக்க வருவார். எளிமையே உன்னதம், 3 யூரோ ஒயினே மக்களின் ஒயின் என்பார். இவரும் விலைச்சீட்டைத்தான் படிக்கிறார், தலைகீழாக. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு வியாபாரிகள் காய்ச்சி வடிப்பதற்கு மெல்லிய வெள்ளை ஒயின் கேட்டார்கள். பிற்பாடு மொத்த வியாபாரிகள் அளவைக் கேட்டார்கள். இருவருமே சுவையைக் கேட்கவில்லை. 1990களில் 13,000 ஹெக்டேரை ஒட்டியிருந்த தோட்டப் பரப்பு அதன்பின் வெகுவாகச் சுருங்கிவிட்டது. 1991இலும் 2021இலும் ஏப்ரல் உறைபனி துளிர்களைக் கருக்கியது. பனி கருக்கினால் அடுத்த வருஷம் துளிர்க்கும். கட்டுபடியாகாத விலை கொடியை வேரோடு பிடுங்கிவிடும். அடித்தட்டுப் புட்டியை எடுத்துக்கொண்டு எளிமையைப் பாராட்டுகிறவர், பக்கத்துப் புட்டிக்கு உழைத்தவரின் கணக்கில்தான் பற்று எழுதுகிறார். அன்றாடப் பொருளுக்கும் நியாய விலை என்று ஒன்று உண்டு. மலிவும் நியாயமும் ஒன்றல்ல.

2011இல் கிலிசோன், கோர்ழ், ல பல்லே ஆகிய மூன்று ஊர்களுக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. முதலது கருங்கல் நிலம். கோர்ழில் காப்ரோ பாறை. ல பல்லே, 1079இல் அபெலார் பிறந்த ஊர். மண்டியின் மேல் இரண்டு வருஷம்வரைகூடக் கிடந்து வருகிற இந்த ஒயின்கள் நல்லவை, சந்தேகமில்லை. ஆனால் ‘மஸ்கதே பர்கண்டியை எட்டிவிட்டது’ என்று இவற்றைப் புகழ்கிறார்களே, அது பாராட்டல்ல. இன்னொன்றாக மாறினால்தான் மரியாதை என்றால், அந்த மரியாதை போய்ச் சேருவது அந்த இன்னொன்றுக்குத்தான்.

நம் பக்கங்களிலும் இதே வியாதி. மகத்தானது, குப்பை என்று இரண்டே பரண்கள். ஆர்ப்பாட்டமில்லாமல் நேர்மையாக எழுதப்பட்ட 150 பக்க நாவலுக்கு இரண்டிலும் இடமில்லை. அதைப் பற்றி எழுதினால் எழுதியவரின் ரசனையைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஒரு மொழி தினசரி ஜீவிப்பது அத்தகைய புத்தகங்களால். சிகரங்களை அடையாளம் காண விமர்சகன் தேவையில்லை, உயரமே காட்டிக்கொடுத்துவிடும். சமவெளியில் எது வயல், எது தரிசு என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

நண்பர் மொந்த்ராஷே குடிக்கட்டும், ஆட்சேபமில்லை. வாரத்தின் மற்ற ஆறு நாட்கள் என்ன குடிக்கிறார், அதை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லட்டும். ரசனையைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.