தவறிய படங்களையும் காட்டுக

ஒளிப்படக் கலையில் புதிதாக ஈடுபட்டோர் நால்வர் ஒன்றுகூடினால், அண்மையில் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வர். ஒரு படம் நன்றாக அமைந்திருந்தால், "இது எந்தக் கேமராவில் எடுத்தது?" என்னும் வினா உடனே எழும். படத்தைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்து, கருவியின் பெயர், விலை, மெகாபிக்சல் என உரையாடல் வேறு திசையில் சென்றுவிடும். வீடு திரும்பும் மாணவர் தந்தையிடம் அதே கருவியை வாங்கித் தருமாறு வேண்டுவார். அதன் விலை அக்குடும்பத்தின் ஒரு மாத வருவாயைக் காட்டிலும் மிகுதியாக இருக்கலாம். அத்தனை பெரிய செலவு, பிறர் எடுத்த ஒரு நல்ல படத்தை மட்டும் நம்பிச் செய்யப்படுகிறது. வாங்க வேண்டியது எது என்பதைக் காட்டும் உண்மையான சான்று, அம்மாணவர் தாமே எடுத்து, நாணி அழித்துவிட்ட தவறிய படங்களில் இருந்தது.

தில்லியில் குளிர்காலக் காலைப் பொழுதில் யமுனைத் துறைக்குச் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். காஷ்மீரி கேட் பகுதியை அடுத்த படித்துறைக்குக் கடற்காகங்கள் ஆண்டுதோறும் வடக்கிலிருந்து வலசை வருகின்றன. மூடுபனி, அதனிடையே ஒரு படகு, படகைச் சூழ்ந்து எழும் வெண்சிறகுகள்: இக்காட்சிக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டுகள் நிறைந்துவிடுகின்றன. பறவைகள் கைக்கெட்டும் தொலைவில் பறப்பதால், விலையுயர்ந்த கருவியுடன் வந்தவரும் கைப்பேசியுடன் வந்தவரும் ஏறத்தாழ ஒரே படத்தையே எடுத்துச் செல்கின்றனர். பறவைகளை எழச் செய்வதற்காக ஓமப்பொடி போன்ற பொரித்த தின்பண்டங்களைச் சிலர் நீரில் எறிகின்றனர். மீன் தின்று வாழும் பறவைக்கு அது தகுந்த உணவன்று. சற்றுக் காத்திருந்தால் அவை தாமாகவே எழும் என்பதைப் படகோட்டிகள் நன்கு அறிவர்.

அங்கு எடுத்த படங்கள் பலவற்றில் பனி வெண்மையாக இராது. துவைக்காத துணியைப் போல் மங்கியிருக்கும். கருவி மட்டமானது என்று எடுத்தவர் வருந்துவார். உண்மைக் காரணம் வேறு. கருவியில் உள்ள ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையதாகக் கொண்டே அளவிடுகிறது. காட்சி முழுவதும் வெண்பனியாக இருக்கும்போது, ஒளி மிகுந்துவிட்டது என்று கருதி அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. எடுப்பவர் ஒளியளவை ஒரு படி கூட்டினால் பனி வெண்மை பெறும். இவ்வசதி கைப்பேசிகளிலும் உண்டு. இலட்ச ரூபாய்க் கருவியும் தானாக அளவிட விட்டால் இப்பனியில் இடறக்கூடும்.

இவ்வாறு தவறிய படங்களைப் பரப்பி வைத்து நோக்கினால் அவை இரு குவியல்களாகப் பிரியும். மங்கிய பனி, சாய்ந்த நீர்க்கோடு, தலைக்குப் பின்னால் முளைத்தாற்போல் நிற்கும் மின்கம்பம், நண்பகல் வெயிலில் கண்குழி கறுத்த முகம் ஆகியன ஒரு குவியல். இவற்றை எந்தப் புதிய கருவியும் திருத்தாது. நிற்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும்.

மற்றைய குவியல் சிறியது; ஆயினும் உண்மையானது. "கருவியில் என்ன இருக்கிறது? கண்தான் முக்கியம்" என்று பலர் கூறுவர். அவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் நல்ல கருவியைத் தோளில் மாட்டியிருப்பவர்களே! அரியானாவின் சுல்தான்பூர் ஏரியிலோ இராசத்தானின் பரத்பூரிலோ நீரின் நடுவே நிற்கும் நாரையைக் கைப்பேசியால் எடுத்தால் ஒரு வெண்புள்ளியே கிடைக்கும். அங்கு 400 மில்லிமீட்டர் அளவிலான நெடுவில்லை தேவை; கண்ணின் கூர்மை மட்டும் அதற்கு ஈடாகாது.

பள்ளி ஆண்டுவிழாவில் நடனமாடும் தோழியின் கைகள் புகைபோல் கலைந்து பதிவாவதும் இவ்வகையே. மங்கிய மேடையொளியில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க நேர்வதே அதற்குக் காரணம். வில்லையின் துளை அளவு 5.6 என்பதிலிருந்து 1.8 என்பதற்கு மாறினால், உட்புகும் ஒளி ஏறத்தாழ 10 மடங்கு மிகும். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும் என்பது தொடக்கத்தில் சற்றுக் குழப்பம் தரும். அத்தகைய 50 மில்லிமீட்டர் வில்லை, வில்லைகளுள் விலை குறைந்தவற்றில் ஒன்று. நடனமே எடுக்க விரும்புபவர் பறவைக்குரிய நெடுவில்லையை வாங்கினால் பணமும் போகும். கைகளும் கலைந்தே இருக்கும்.

முற்காலத்தில் தவறிய படங்களை மறைக்க இயலாது. இந்தியாவில் பல வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய கருவியில், ஒரு சுருளுக்குச் சதுர வடிவில் 12 படங்களே எடுக்கலாம். சுருளைக் கழுவக் கொடுத்தால் நல்லதும் கெட்டதுமாகப் பன்னிரண்டும் ஒன்றாகத் திரும்பி வரும். கழுவுகூலி கொடுத்துப் பெற்றவை ஆதலால், தலை வெட்டுண்ட மாமாவையும் ஒளி புகுந்து வெளுத்த கோபுரத்தையும் வீட்டார் அனைவரும் பார்த்துச் சிரித்தனர். அடுத்த சுருளில் மாமாவுக்குத் தலை இருந்தது. இன்று நூறு படங்கள் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அங்கேயே அழித்துவிட்டு, ஒன்றை மட்டும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கற்றுக்கொடுக்க வேண்டியவை முதலில் அழிகின்றன.

புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ரகு ராயின் தொடக்கம் இங்குக் கருதத்தக்கது. கட்டடப் பொறியியல் பயின்ற அவர், 1960களில் தம் அண்ணன் எஸ். பாலிடம் இரவல் பெற்ற கருவியுடன் ஒரு சிற்றூருக்குச் சென்றார். அங்குக் கண்ட கழுதைக் குட்டியை அவர் நெருங்க, அது ஓடியது. அவரும் விடாது துரத்தினார். களைத்து நின்ற குட்டியை மாலையொளியில் எடுத்த அப்படம், இலண்டன் நகரின் 'தி டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்தது. அவர் தமக்கெனக் கருவி தேர்ந்தது அதற்குப் பின்னரே.

ஆகவே மாணவர் சில திங்கள் இரவல் கருவியிலோ வீட்டிலுள்ள கைப்பேசியிலோ எடுப்பதே தக்கது. நண்பர்கள் கூடும்போது நல்ல படம் ஒன்றுடன் தவறிய படம் இரண்டையும் காட்ட வேண்டும் என்று வகுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர் "எந்தக் கேமரா?" என்று கேளாமல், "எங்கு நின்று எடுத்தாய்? எந்நேரம்?" என்று கேட்க வேண்டும். ஒரே வகைக் குறை, இடத்தையும் நேரத்தையும் மாற்றிய பின்னரும் பத்து முறை வந்தால், அப்பொழுது பணத்தைப் பற்றிப் பேசலாம்.

அதுவும் புதியதாக இருக்க வேண்டுவதில்லை. தில்லி சாந்தினி சௌக்கில் உள்ள கூச்சா சௌத்ரி சந்தையில், பிறர் பயன்படுத்திய கருவிகளும் வில்லைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும் முன் வில்லையை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி நூல்போல் பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கால ஈரத்தில் மூடிய பையிலேயே கிடந்த வில்லைகளில் அது எளிதில் படரும்.