நிரம்பாத குழி நல்ல குழியா?



மலசலகூடம் கட்டும்போது குழியின் இடத்தையும் ஆழத்தையும் பெரும்பாலும் மேசனே தீர்மானிக்கிறார். வீட்டுக்குப் பொறுப்பாக நாங்கள் தனியே நிற்கும்போதும், "இது எங்களுக்குத் தெரியாத வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர்களும், வயிற்றோட்டம் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்களும் நாங்கள்தான். ஆகையால் இந்த மாதம் குழியைப் பற்றிப் பேசுவோம்.

"எங்கட குழி இருபது வருசமா நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் அந்தக் கழிவுநீர் எங்கே போனது? நிலத்துக்குள் போனது. அதே நிலத்துக்குள்தான் எங்கள் கிணற்றின் ஊற்றும் இருக்கிறது.

செப்டிக் தொட்டிக்குள் திண்மக் கழிவு அடியில் தங்கி மெல்லச் சிதைகிறது. அதிலிருந்து வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் நிறைய உண்டு. அதைச் சுத்தம் செய்வது மண்தான். காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் மெதுவாக ஊறினால்தான் அது நடக்கும். எனவே எல்லா வளவுக்கும் ஒரே குழி பொருந்தாது.

சுண்ணாம்புக்கல் நிலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் செம்மண்ணின் கீழ் இருப்பது வெடிப்பும் துவாரமும் உள்ள சுண்ணாம்புக்கல். ஆழக் குழி வெட்டினால் கழிவுநீர் அந்த வெடிப்புகள் வழியே வடிபடாமல் நிலத்தடி நீரைச் சேரும். இங்கு பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதற்குத் தோட்ட உரத்துடன் மலக்குழிகளும் காரணம். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கூடினால், போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது.

இங்கே தொட்டியின் அடியும் சுவரும் நீர் கசியாதபடி சீமெந்து பூசப்பட வேண்டும். நீர் ஊறும் பகுதி ஆழமின்றி நீளமாக இருக்கட்டும். சிறிது ஆழத்திலேயே அலவாங்கு கல்லில் முட்டினால், மணல் மேடு அமைத்து அதில் ஊறவிடுவதே பாதுகாப்பு.

மணல் நிலம்

முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்புக் கரையோரங்களில் நீர் விரைவாக இறங்கும்; நிலத்தடி நீரும் மேலேயே இருக்கும். குழியின் சுவரும் சரியும். இங்கும் ஆழம் கூடாது. தொட்டியை உயர்த்திக் கட்டுங்கள்.

களிமண் நிலம்

வன்னியில் வயலோரக் களிமண் நீரை உறிஞ்சாது. மாரியில் குழி பொங்கி முற்றத்துக்கு வரும். மேடான இடத்தில், சல்லி நிரப்பிய நீண்ட வாய்க்கால் வெட்டுவது நல்லது. அருகில் வாழை நட்டால் நீரை உறிஞ்சும். மழைநீரையும் குளிக்கும் நீரையும் தொட்டிக்குள் விடாதீர்கள்.

நீங்களே சோதிக்கலாம்

நீர் ஊறப்போகும் ஆழத்தில் ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமான சிறு கிடங்கு வெட்டி, மாலையில் நீர் நிரப்பி ஊறவிடுங்கள். காலையில் மீண்டும் நிரப்பி, அளவு குறித்த தடியை நட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம் இறங்க ஒரு நிமிடமும் ஆகவில்லையென்றால் மண் வடிகட்டாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனால் மண் உறிஞ்சாது.

மாரியில் கிணற்று நீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்பதைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வையுங்கள். அனர்த்த நிவாரணத்துக்கான சர்வதேச ஸ்பியர் தராதரங்களின்படி, குழியின் அடி அந்த நீர்மட்டத்துக்கு மேலே 1.5 மீற்றர், அதாவது ஏறக்குறைய 5 அடி இருக்க வேண்டும். நீர் 7 அடியில் நின்றால் குழியை 2 அடிக்கு மேல் தோண்ட முடியாது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 30 மீற்றர் தூரம் வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் அதற்கும் கூட.

இரண்டு பரப்பு வளவில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நூறடி நீளமான வளவென்றால் அகலம் 54 அடிதான். எங்கள் கிணற்றுக்குத் தள்ளி வைத்தால் அயல் வீட்டுக் கிணற்றுக்குக் கிட்ட வரும். அப்படிப்பட்ட இடத்தில் நிலத்துக்குள் ஊறவிடாமல், முற்றாக மூடிய தொட்டி கட்டி, நிரம்பும்போது பவுசர் மூலம் அகற்றுவதே நல்லது. செலவு உண்டு, ஆகவே பவுசர் வரக்கூடிய பாதையோரமாகக் கட்டுங்கள். வெட்டுவதற்கு முன் வேலிக்கு அப்பால் இருப்பவரோடும் பேசுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்று. மேசனுக்கு மிகுதிப் பணத்தைக் கொடுக்க முன், தொட்டியை நீரால் நிரப்பி, மட்டத்தைக் கரிக்கட்டியால் குறித்து, ஒரு நாள் விடுங்கள். நீர் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது, திருத்தச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பினால் கவலைப்படாதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது.