கடன் சோபா வேண்டாமே!

என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்த அன்றே, எங்கள் வீட்டில் சோபா பிரச்னை ஆரம்பமாகி விட்டது.

எங்கள் கல்யாணத்தின் போது, ஆசாரியை வைத்து என் அப்பா செய்து கொடுத்த தேக்கு சோபா அது. 14 வருடம் ஆகியும் கட்டையில் ஒரு ஆட்டம் கிடையாது. ஆனால், குஷன் உறையைத்தான் பார்க்க சகிக்காது. தலை சாய்க்கும் இடமெல்லாம் தேங்காய் எண்ணெய் கறை. உட்காரும் இடத்தில் பூ டிசைன் தேய்ந்து, கிரீம் கலர் அழுக்கு கலராகி இருந்தது.

'வர்றவங்க என்ன நினைப்பாங்க? பழசை குடுத்துட்டு புதுசா வாங்கிடலாம், தவணை தானே...' என்றார், என் கணவர். கடையில் விசாரித்தால், புது சோபா ரூ.32,000. எங்கள் தேக்கு சோபாவுக்கு அவர்கள் போட்ட மதிப்பு ரூ.2,000! மீதியை மாதம் ரூ.2,500 வீதம் 12 மாதம் கட்ட வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. நாத்தனாரோ, 'அண்ணி... கடன் வாங்கின சோபாவுல என்னை உட்கார வச்சு காட்ட வேணாம்...' என்று கண் கலங்கினாள்.

பத்து நாள் அவகாசம் இருந்தது. உறைக்கு நானே பெயின்ட் அடிப்பது என்று முடிவு செய்தேன். 'துணிக்கு பெயின்டா!' என்று மாமியார் சிரித்தார். தலையணை உறையிலும், புடவையிலும் பேப்ரிக் பெயின்ட் செய்த கைகள் தானே நமக்கு? சோபாவும் துணி தானே!

முதலில் ஒரு தப்பு செய்தேன். சுவருக்கு அடித்து மிச்சமிருந்த பெயின்டை, துணி போட்ட ஸ்டூல் ஒன்றில் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து, உட்கார்ந்ததும் வெடித்து உதிர்ந்தது. நல்ல வேளை, சோபாவில் கை வைக்கவில்லை. துணிக்கு அக்ரிலிக் பெயின்டும், அதை மிருதுவாக்கும் பேப்ரிக் மீடியமும் தான் சரி.

எண்ணெய் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. அதனால் உறைகளைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சோப்பில் ஊற வைத்து அலசி, நல்ல வெயிலில் காய வைத்தேன். ஓரத் தையல்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக் கொண்டேன். பிறகு ஃபோமின் மேல் பாலிதீன் தாள் சுற்றி, உறையை மாட்டி விட்டால், துணி சுருங்காமல் இழுத்துப் பிடித்திருக்கும். பெயின்டும் உள்ளே இறங்காது.

பெயின்ட், மீடியம், தண்ணீர் மூன்றையும் சம அளவில் கலந்து, துணி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, மெல்லிசாக அடிக்க வேண்டும். ஒரு கோட் நன்றாகக் காய்ந்த பிறகே, நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து விட்டு அடுத்த கோட். அவசரப்பட்டு கனமாக அடித்தால் மொடமொடவென்று ஆகி விடும். நான் மெரூன் கலரில் மூன்று கோட் அடித்தேன். ஒரு நாள் முழுக்க காய விட்டு, உறையைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி அயர்ன் செய்தேன். ஃபோம் மேல் இருக்கும்போது அயர்ன் செய்யவே கூடாது; உருகி விடும்.

மொத்த செலவு ரூ.1,500க்குள் முடிந்தது.

எல்லா சோபாவுக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லி விடுகிறேன். அழுத்தமான நெசவுள்ள காட்டன் துணிக்கு நன்றாக வரும். வெல்வெட் துணியில் முடியெல்லாம் ஒட்டிப் போகும். அடர் கலர் மேல் வெளிர் கலர் எடுபடாது. எப்படி அடித்தாலும் புதுத் துணியின் மென்மை வராது. கொஞ்சம் கான்வாஸ் துணி மாதிரிதான் இருக்கும். மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள், காயாமல் பூசண வாடை வந்து விடும். ஃபோம் அமுங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். தையல் மிஷின் இருப்பவர்கள், துணி வாங்கி புது உறையே தைத்துக் கொள்ளலாம். எப்படியானாலும், கட்டை உறுதியாக இருக்கும் சோபாவை அடிமாட்டு விலைக்குத் தள்ளி விட வேண்டியதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கேசரி, பஜ்ஜி சாப்பிட்டார்கள். சோபாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் கழித்து, 'வேறு இடம் அமைந்து விட்டது' என்று சொல்லி அனுப்பினர். நாத்தனார் ஒரு நாள் அழுதாள். என் கணவர் தான், 'நல்லவேளை, தவணையில மாட்டல...' என்றார் மெதுவாக. இப்போது அந்த ரூ.2,500ஐ மாதா மாதம் அவள் பெயரில் போட்டு வருகிறோம்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே வீட்டுக்கு வேஷம் போட்டு, கடன்காரர்களாக நிற்க வேண்டுமா? வருகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விட்டு போவர். தவணை, வருடம் முழுக்க நம்மோடு உட்கார்ந்திருக்கும். சுத்தமாக இருந்தால் பழையது ஒன்றும் கேவலம் இல்லை. சகோதரிகளே... பழசைத் தூக்கிப் போடும் முன், ஒரு முறை நம் கைகளைப் பார்த்துக் கொள்வோமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்.